எல்லாம் என் போனில் விழுந்தது

நான் கை நீட்டுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு இவன் இப்படிப்பட்டவனா என்று யாரும் திடுக்கிட வேண்டாம்; மூடிவைப்பதென்றால் இப்போதே மூடிவைக்கலாம். என் மகளின் இடது காது கேட்காமல் போனது என் வலது கையால். அந்தக் காது திரும்பக் கேட்குமா, அந்தப் பிள்ளை திரும்ப என் வீட்டு வாசலை மிதிக்குமா என்று தெரியாமல்தான் இந்த ஏழு மாதமும் எனக்குப் பொழுது விடிகிறது.

புத்தளம் பக்கம் முந்தலில், கடல் தண்ணீர் உள்ளே ஏறி நிற்கிற களப்போரமாக எனக்கு நான்கு இறால் குளங்கள் இருக்கின்றன. இறால் வளர்க்கிறவனுக்கு வெளியே இருந்து வருகிற எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. களப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும்போது குழாயின் வாயில் மெல்லிய வலைப்பை கட்டுவோம். நண்டு ஏறாமல் கரையைச் சுற்றிப் பொலித்தீன் வேலி. நீர்க்காகம் இறங்காமல் குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல். வெளியாள் குளத்தங்கரைக்கு வந்தால் முதலில் காலைக் கழுவச் சொல்லுவோம், பிறகுதான் ஸலாம். இவ்வளவு செய்தும் சில வருடம் வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும். வந்தால் மருந்து கிடையாது. குளம் முழுக்கக் குளோரின் கொட்டி, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கொன்றுவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கலாம். குளோரின் விழுந்ததும் ஆயிரக்கணக்கில் துள்ளும். மகள் ஒன்பது வயதில் அதைப் பார்த்து அழுதாள். "அழாத. இப்பிடிக் கொன்டாத்தான் மத்தக் குளம் தப்பும்" என்று அவளுடைய கையை இறுக்கிப் பிடித்து, கடைசி இறால் அடங்கும் வரைக்கும் பார்க்க வைத்தேன். நல்ல பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமையாகவும் இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி, இந்த ஒரே மகள். மனைவி கற்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தவள். அதிகம் கதைக்கமாட்டாள். அதை நான் அடக்கம் என்று எண்ணி, என் கூட்டாளிமாரிடம் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த கொரோனாக் காலத்தில் பாடமெல்லாம் போனில் வரத் தொடங்கியது. மகளுக்கும் ஒரு போன் வாங்க வேண்டி வந்தது. மதுரங்குளிச் சந்தியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு போன் கடை. கடைக்காரர் என் வயதுக்காரர். எங்கள் பக்கத்தில் போன் வாங்கினால் பெட்டியை உடைப்பது, சிம் போடுவது, ஈமெயில் திறப்பது எல்லாம் கடைக்காரரின் வேலை. நாங்கள் முன்னால் நின்று தேத்தண்ணி குடிப்போம். ஆளுக்கொரு ஈமெயில் என்ற கதையே கிடையாது. வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு கரண்ட் மீட்டர், ஒரு ஈமெயில். எனக்குத் திறந்த ஈமெயிலையே பிறகு மனைவியின் போனுக்கும் போட்டார், அதையே மகளின் போனுக்கும் போட்டார். பாஸ்வேர்ட் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கொப்பியில் எழுதிவைத்திருப்பார். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவியின் பயான் முழுக்கப் போனைப் பற்றியே இருந்தது. எங்கள் வீடுகளுக்குள் எது எதெல்லாம் நுழைகிறது என்று மௌலவி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கொதித்தது. கடைசியில், பிள்ளைகளோடு உட்கார்ந்து கதையுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றும் சொன்னாராம். வீட்டிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்ட மனைவி பிறகு சொல்லித்தான் எனக்கு அது தெரியும். எனக்கு முதல் பாதிதான் ஏறியிருந்தது. அந்தக் கிழமையே எங்கள் பின்தெருவில் ஒரு பெண்பிள்ளை போனில் பழகிய ஒருத்தனோடு போய்விட்டாள். அவளுடைய வாப்பா பள்ளிவாசலுக்கு வரும்போது ஆட்கள் கதையை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். என்னை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று அடுத்த நாளே போன் கடைக்குப் போனேன்.

"இது லேசு வேல நானா" என்றார் கடைக்காரர். என் போனை வாங்கி எதையோ தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். "தேடினது, பாத்தது எல்லாம் இதுல விழும். நேரத்தோட விழும்."

"மகள்ட போன்ல தேடினா என்ட போன்ல விழுமா?"

"ஓம் நானா. ஈமெயில் ஒண்டுதானே."

அதோடு, வீட்டில் இருந்த ரவுட்டரிலும் ஒரு வடிகட்டி போட்டுவிட்டார். கூடாத சொல், கூடாத படம் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிடும் என்றார். குழாயின் வாயில் வலைப்பை கட்டியது போல எனக்கு நிம்மதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு, "நீ எதத் தட்டினாலும் எனக்கு வெளங்கும், ஞாபகம் வெச்சிக்க" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு புது வேலை வந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் குளத்தடிக் கொட்டிலில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே வாசிப்பேன். கணித வினாத்தாள். கேக்குக்கு ஐசிங். இரத்தச் சுற்றோட்டம். தலைமுடி கொட்டுதல். இறாலுக்குத் தீன் போட்ட தட்டைத் தூக்கி, அதில் கிடக்கிற இறாலின் குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. சந்தோசப்படுவதை விட்டுவிட்டு, ஏதோ எனக்குத் தெரியாமல் ஒளிக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் அவளே வந்து, "வாப்பா, விஞ்ஞான சேர் அனுப்பின வீடியோ தெறக்குதில்ல. இதக் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்களே" என்றாள். என் போனில் தட்டிப் பார்த்தேன். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று எழுத்து விழுந்தது. அதற்கு மேல் வாசிக்கவில்லை. அறைந்தேன். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, பாடப்புத்தகத்தை எடுத்து வந்து விரித்துக் காட்டினாள். இனப்பெருக்கம் என்ற பாடம். "புத்தகத்துலயே ஈக்கு வாப்பா" என்றாள். புத்தகத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அதன் மட்டை கிழிந்து ஒரு பக்கமும் தாள்கள் ஒரு பக்கமுமாகப் போயின.

அடுத்த கிழமை இறால் குஞ்சு பொரிப்பதைப் பற்றி ஒரு வீடியோவைத் தட்டினேன். எனக்கும் அதே எழுத்து. இறால் முட்டையிடுவதுகூட என் வீட்டில் தடையாகிப் போயிருந்தது. கடைக்காரருக்குப் போன் எடுத்து, வாயில் வந்தபடி ஏசி, என் போனுக்கு மட்டும் வடிகட்டியைத் திறந்துவிடச் சொன்னேன். மகளுக்கு விழுந்த அறை பிழை என்று அப்போதே விளங்கிவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு மதிக்காது என்று ஒரு நொண்டிச் சாட்டு வைத்திருந்தேன்.

நான் ஏசியது குசினிக்குள் இருந்த மனைவிக்குக் கேட்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு என்னத்துக்கு அடிச்சீங்க?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். அதனாலேயே எனக்கு இன்னும் ஏறியது. வெளியே கிளம்ப நின்றதால் கையில் இறால் ஏற்றுகிற வானின் சாவிக்கொத்து இருந்தது. புறங்கையால் போட்டேன். கண்ணுக்குக் கீழே எலும்பில் பட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் வானை எடுத்துக்கொண்டு முந்தல் கடைத்தெருவுக்குப் போய் இறாலுக்கு ஐஸ் பெட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது அந்த இடம் கத்தரிக்காய் நிறமாக வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு அலுமாரிக் கதவு பட்டுவிட்டது என்று சொன்னாள். எங்கள் ஊர் அலுமாரிக் கதவுகள் நிறையப் பெண்களின் முகத்தில் படும்; யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

பத்து நாளில் குறிஞ்சிப்பிட்டியில் அவளுடைய உடன்பிறந்த நானாவின் மகளுக்குக் கலியாணம். மனைவி, "நான் வரல்ல, நீங்க புள்ளயக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நீ வராட்டித்தான் ஊரு கதைக்கும். மூணு பேரும் போறம்" என்றேன். அவளுடைய முகத்தை நான் அதற்குப் பிறகு நின்று பார்க்கவே இல்லை.

அந்தக் கிழமைதான் பட்டியல் மாறத் தொடங்கியது. கன்னத்தில் கறுப்பு மறைக்க மேக்கப். பவுடர் பூசியது தெரியாமல் பூசுவது எப்படி. முகம் ஒரே நிறமாகத் தெரிய. ஒரே நாளில் ஏழு, எட்டு வீடியோ. கொட்டிலில் உட்கார்ந்து வாசித்த எனக்குக் காது சுட்டது. பதினாறு வயதுப் பிள்ளை, பரீட்சைக்கு மூன்று மாதம், யாருக்குக் காட்ட இந்தப் பவுடர்? கலியாண வீட்டில் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணுக்கு சுர்மா, கன்னத்தில் கொஞ்சம் பவுடர். அங்கே வந்திருந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் நான் தேடிப்போனது கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். பந்தியில் என் மச்சான், மனைவியின் நானா, பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி பரிமாறிக்கொண்டே என்னவோ கேட்டார். ஓம் ஓம் என்றேன். பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டேன்.

கலியாணம் முடிந்து வந்த பிறகு இன்னும் மோசமானது. புத்தளம் கொழும்பு முதல் பஸ் எத்தனை மணிக்கு. கொழும்பில் பெண்கள் தங்கப் பாதுகாப்பான இடம். அடையாள அட்டை இல்லாமல் தங்கலாமா. அந்தக் கடைசி வரி, அஸர் வரைக்கும் பொறுக்காமல் தீன் போடப் போன காலையிலேயே பட்டியலைத் திறந்தபோது கண்ணில் பட்டது. மகளுக்கு இன்னும் அடையாள அட்டை வரவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான். பின்தெரு வாப்பாவின் முகம்தான் நினைவில் வந்தது. வாளியில் இருந்த தீனை அப்படியே குளத்தில் கவிழ்த்துவிட்டு வானை எடுத்தேன்.

சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மகள் ரியூஷனுக்குப் போக அபாயா போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். முன்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவளுடைய போனைக் கையிலிருந்து பறித்தேன். என் போனை அவளுடைய முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"இது என்ன?"

"என்ன வாப்பா?"

"வாசி. யாரு தேடின இது?"

"நான் இதெல்லாம் தேடல்ல வாப்பா, அல்லாஹ்வுக்காக..." என்று தொடங்கினாள். பிறகு வாசித்தாள். விரலால் திரையை மெல்ல மேலே தள்ளினாள். பவுடர், பஸ், பெண்கள் தங்கும் இடம், எல்லாம் வந்தது. அவளுடைய விரல் நின்றது. தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். குசினி வாசலில் அவளுடைய உம்மா தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு மூச்சு நேரம். அந்தப் பார்வையை நான் கண்டேன். உம்மாவை உதவிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"ஓம் வாப்பா" என்றாள் மகள். "நான்தான் தேடினேன்."

"யாரு அவன்?"

"ஒருத்தருமில்ல."

அவளுடைய போனைச் சீமெந்துத் தரையில் அடித்தேன். அது உடையாமல் துள்ளியது. குதிகாலால் மிதித்தேன், பிறகு அம்மிக்குழவியைத் தூக்கிப் போட்டேன். துண்டுகள் சுவர் வரைக்கும் தெறித்தன. "யாரு அவன்" என்று திரும்பவும் கேட்டேன். அவள் அழவில்லை. அந்த அழாத முகம்தான் என்னை இன்னும் கிளறியது என்று எழுதுகிறேன். அது ஒரு காரணமா என்று கேட்டால் காரணமில்லை. அடிக்கிறவனுக்கு எல்லாமே காரணம்தான். இடுப்புப் பட்டியைக் கழற்றித் தோளிலும் முதுகிலும் அடித்தேன். பைக்குள் இருந்த கணிதப் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. மனைவி ஓடி வந்து நடுவில் விழுந்தாள். "விடுங்க, அவ இல்ல, அவ இல்ல" என்று கத்தினாள். அந்தச் சொல்லும் எனக்கு விளங்கவில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் கத்துவாள் என்று அவளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, உள்ளங்கையை முழுதாக விரித்து மகளின் இடது காதோடு சேர்த்து அறைந்தேன்.

வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கதிரையில் மோதிக் கதிரையோடு விழுந்தாள். எழும்பி உட்கார்ந்தபோது ஸ்காஃபின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் இறங்கியது. அப்போதுதான் அழுதாள். "உம்மா, காது எரையுது, ஒண்டும் கேக்குதில்ல" என்று, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காத மாதிரி, தேவையில்லாத சத்தத்தில் கத்தினாள். பயந்துபோனேன். அவளுக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வானில் கொண்டுபோனேன். பின் இருக்கையில் மகள் உம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில், அரசாங்கக் கந்தோரில், பொலிஸில், எங்கள் வீட்டுக்குச் சிங்களம் கதைக்கிற வாய் என் வாய்தான். மனைவிக்குச் சிங்களம் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எழுதுவதோடு சரி. அதனால் வழி நெடுகிலும் டொக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்தாள், வாளியின் விளிம்பு பட்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்ததில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

டொக்டரின் அறைக்கு வெளியே நீள வாங்குகள். மனைவியும் மகளும் ஒரு வாங்கில், நான் எதிர் வாங்கில். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். சும்மா இருந்த கை பழக்க தோசத்தில் போனை எடுத்தது, பட்டியலைத் திறந்தேன். மேலே ஒரு புது வரி இருந்தது.

காதுச் சவ்வு கிழிந்தால் திரும்பக் கேட்குமா.

இரண்டு நிமிடத்துக்கு முன் என்று நேரம் காட்டியது. மகளின் போன் என் வீட்டுத் தரையில் தூளாகக் கிடக்கிறது. நான் தலையைத் தூக்கினேன். எதிரே மனைவி போனை மடியில் வைத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி என் போனில் விழுந்தது.

வாப்பா அடித்தது என்பதைச் சிங்களத்தில் சொல்வது எப்படி.

ஈமெயில் ஒண்டுதானே என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. என் மனைவிக்குப் போனில் நானாவுக்குக் குரல் அனுப்பவும் சமையல் பார்க்கவும் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். சரியாகச் சொன்னால், அவளைப் பற்றி ஒன்றுமே நினைத்திருக்கவில்லை. பவுடர் தேடியவள் அவள். நான் சாவிக்கொத்தால் போட்ட கறுப்பைக் கலியாண வீட்டில் மறைக்கத் தேடியிருக்கிறாள். அடிக்கிறவனுக்கு அடி அன்றைக்கே முடிந்துவிடுகிறது. பத்து நாளைக்குப் பிறகும் அது ஒருத்தியின் முகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் தேடியவளும் அவள். அடையாள அட்டை இல்லாத பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னிடமிருந்து போவதற்கு இடம் தேடியிருக்கிறாள். என் மகள் அந்தப் பட்டியலைப் பாதி வாசித்ததும் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் இரண்டு மாதம் தினமும் வாசித்தும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் ஓம் என்று சொல்லி அந்த அடியை வாங்கியிருக்கிறாள்.

எழும்பினேன். போனை வாங்கிவிட வேண்டும் என்றுதான் எழும்பினேன், வேறொன்றுக்கும் இல்லை. மனைவி போனை மறைக்கவில்லை. கலியாணம் முடித்துப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள். மனம் திருந்தித் திரும்ப உட்கார்ந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விறாந்தையின் முனையில் ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயந்துதான் உட்கார்ந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். இளம் பெண் டொக்டர். மகளின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முதுகுப் பக்கம் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டார். குளியலறையில், என்று நான் சிங்களத்தில் தொடங்கினேன். மனைவி என்னைத் தாண்டிக் கையை நீட்டிப் போனை டொக்டரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். டொக்டர் வாசித்து முடிக்கும் வரைக்கும் கையை இறக்கவில்லை. டொக்டர் வாசித்தார். மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். பிறகு டொக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். இருபது வருடம் இறால் விற்றுப் பழகிய என் சிங்களம் அந்த அறைக்குள் எனக்கு ஒரு சொல்லும் தரவில்லை.

பொலிஸ்காரர் கொப்பியை விரித்தபோது, அடித்தது நான்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். வழக்கு நடக்கிறது. மனைவியும் மகளும் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே மச்சானோடு குறிஞ்சிப்பிட்டிக்குப் போய்விட்டார்கள். மச்சான் என் மேல் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர்கள் போன்களுக்குப் புது ஈமெயில் போட்டுக்கொண்டார்கள். இப்போது என் போனில் நான் தேடுவது மட்டும்தான் விழுகிறது. இறால் விலை, இறாலுக்கு வருகிற நோய், காதுச் சவ்வு தானாக ஒட்டுமா. தானாக ஒட்டவில்லை. ஆறு கிழமையில் ஒட்டலாம் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். ஓட்டை பெரிது, பிறகு ஒப்பரேஷன் செய்து பார்க்கலாம் என்கிறார்கள் என்று மச்சான் சொன்னார்.

போன மாதம்தான், நன்னடத்தை அதிகாரியின் அனுமதியோடு, மச்சான் வீட்டில், மச்சான் பக்கத்தில் இருக்க, அரை மணித்தியாலம் மகளைப் பார்க்க விட்டார்கள். காலையிலேயே சவரம் செய்து, துவைத்த சாரம் உடுத்திக்கொண்டு போனேன். முன் விறாந்தையில் மூன்று கதிரை. மகள் வந்து எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். அவள் உட்கார்ந்த கதிரையில் அவளுடைய இடது பக்கம் எனக்கு நேரே இருந்தது. யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவளைக் கண்டதும், முதலில் சாதாரணமாக ஏதாவது கேட்போம், பிறகு அதைச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

"பரீட்ச எழுதினியா மகள்?" என்றேன்.

அவள் முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. திரும்பவும் கேட்டேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்க விருப்பமில்லையோ என்றும் தோன்றியது. வேலிக்கு வெளியே லொறி ஒன்று போனது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும், கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலை உயர்த்தினேன்.

"பரீட்ச எழுதினியா?"

அவளுடைய இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. முழங்கால்களை இழுத்து, உடம்பை உருட்டி, கதிரைக்குள் சுருண்டுகொண்டாள். மச்சான் எழும்பிவிட்டார். உள்ளே இருந்து மனைவி ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் கையை என் மடியிலிருந்து எடுக்கவே இல்லை. மகள் அந்த இரண்டு கைக்குள்ளே இருந்து சொன்னாள்:

"நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா."